பெருவழியும் வீட்டு வாயிலும்



சென்ற மழைக்காலத்தில் ஒரு காலைப் பொழுது. சுள்ளிக்கல்லில் நான் தங்கியிருக்கும் அறையிலிருந்து புறப்பட்டு, தோப்பும்படியை நோக்கி ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். கருவேலிப்படியை எட்டுமுன் இடப்புறத்து வீடொன்றின் வாயிலிலிருந்து கார் ஒன்று பின்புறமாக வெளியே வந்தது. வாயிலை ஒட்டிச் சரக்கு லாரி ஒன்று நின்றிருந்தது. காரை ஓட்டியவர் என்னைக் காணவில்லை; நான் காரைக் கண்டபோது காலம் கடந்துவிட்டது. முழங்கையில் ஐந்து தையல். அவர் நல்ல மனிதர். என்னைத் தம் காரிலேயே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். போகும் வழியெல்லாம், "மோனே, ஞான் கண்டில்லா, ஞான் கண்டில்லா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர் கூறியது உண்மை. அவரால் கண்டிருக்க முடியாது. மருத்துவமனையில் காத்திருந்தபோது என் உள்ளத்தில் எழுந்த வினா இதுதான்: இருவரும் ஒழுங்காகவே வண்டி ஓட்டினோம், இருவரில் எவரும் குடித்திருக்கவில்லை, வேகமும் அதிகமில்லை. அப்படியாயின் பிழை எங்கே இருந்தது? சிவில் பொறியியல் பயிலும் மாணவனாகிய எனக்கு, என் பாடநூலில் அரைப் பக்கத்தில் அடங்கிப்போன ஒரு பொருள் அன்றுதான் உயிரோடு எதிரில் வந்து நின்றது. சாலைக்குள் எங்கே நுழையலாம், எங்கே வெளியேறலாம், இரண்டு வாயில்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு வேண்டும் என்பதே அப்பொருள். நூல்கள் இதனை அணுகல் கட்டுப்பாடு என்று கூறும். பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. வாழ்க்கைக்கு ஐந்து தையல்!

நம் மொழியில் வழிகளுக்கு எத்தனை பெயர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெருவழி, சாலை, தெரு, மறுகு, சந்து, முடுக்கு. இவை வெறும் அலங்காரச் சொற்கள் அல்ல. பெருவழி என்பது ஊரையும் ஊரையும் இணைப்பது. கோவைக்கு அருகே கல்வெட்டில் பெயர் பொறிக்கப்பட்ட இராசகேசரிப் பெருவழி, பாலக்காட்டுக் கணவாய் வழியே சேர நாட்டுக்கு வந்த வழி. தருமபுரிப் பக்கத்து அதியமான் பெருவழியில் காதக் கணக்கைச் சொல்லும் கல்லையே நட்டு வைத்தனர். தெரு என்பதோ வீடுகள் முகம் பார்த்து நிற்குமிடம். அங்கே கோலம் உண்டு, திண்ணை உண்டு, குழந்தை உண்டு. ஒன்று போவதற்கு, மற்றொன்று இருப்பதற்கு. இன்று போக்குவரத்துப் பொறியியலார் சாலைகளைத் தரம் பிரித்து, ஒரு கோடியில் விரைவையும் மறுகோடியில் வாயிலையும் வைத்து வரைபடம் வரைந்து காட்டுகிறார்களே, அந்த வரைபடத்தின் உள்ளடக்கம் இந்தச் சொற்களிலேயே இருக்கிறது.

இன்னொரு சொல்லையும் குறிப்பிட வேண்டும். இங்கே மலையாளத்தில் சாலைகள் சந்திக்கும் இடத்தைக் 'கவல' என்பர். பழந்தமிழில் வழிகள் கிளைக்கும் இடத்துக்குக் 'கவலை' என்றே பெயர். வைற்றிலச் சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு ஒருமுறை நின்று பார்த்தவர்க்கு அச்சொல்லின் இரு பொருளும் ஒருங்கே விளங்கும்.

நிற்க. வாயில் ஒன்று சாலையில் திறப்பதால் என்ன நேர்ந்துவிடும்? இரு வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று தொடக்கூடிய இடத்தை மோதற்புள்ளி எனக் கொள்வோம். நடுத்தடுப்பு இல்லாத சாலையில் ஒரு வீட்டு வாயில் திறந்தால் அஃது ஒரு சிறு முச்சந்தியே. அங்கே வண்டிகள் பிரியும் புள்ளிகள் 3, சேரும் புள்ளிகள் 3, குறுக்கே வெட்டும் புள்ளிகள் 3, ஆக 9 மோதற்புள்ளிகள். நாற்சந்தியானால் பிரிவது 8, சேர்வது 8, வெட்டுவது 16, ஆக 32. ஒரு கிளை கூடியதும் எண்ணிக்கை மூன்றரை மடங்குக்கு மேல் தாவிவிடுகிறது. வெட்டும் புள்ளிகளே மிகக் கொடியவை. ஏனெனில் அங்கே ஒரு வண்டியின் மூக்கு மற்றொன்றின் விலாவில் மோதுகிறது.

இப்பொழுது அதே வீட்டு வாயிலின் முன் சாலை நடுவே ஒரு தடுப்பை எழுப்பிவிடுவோம். சென்டர் மீடியன் என்று நாம் சொல்வது அதுதான். வலப்புறம் திரும்பி உள்ளே போக இயலாது, வலப்புறம் திரும்பி வெளியே வரவும் இயலாது. இடப்புறம் நுழைவதும் இடப்புறம் வெளியேறுவதுமே எஞ்சும். மோதற்புள்ளிகள் 9 இலிருந்து 2 ஆகச் சுருங்குகின்றன: பிரிவது ஒன்று, சேர்வது ஒன்று. வெட்டுவது அறவே இல்லை. மறுபக்கம் போக வேண்டியவர் சற்றுத் தொலைவு சென்று, அதற்கென அமைத்த இடத்தில் திரும்பி வரவேண்டும். அவருக்கு அது தொல்லைதான், மறுக்கவில்லை.

இனி வேகத்தையும் தொலைவையும் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் தடை ஒன்றைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் காலை வைப்பதற்கு 2.5 விநாடி ஆகும் என்று இந்திய சாலைக் காங்கிரசின் நெறிமுறை கணக்கிடுகிறது. அதற்குள் வண்டி 42 மீட்டர் ஓடிவிடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க இன்னும் 39 மீட்டர். ஆக ஏறத்தாழ 80 மீட்டர். வேகம் 100 ஆனால் 180 மீட்டர். மெதுவாக 40இல் போனாலும் 45 மீட்டர் வேண்டும். சுள்ளிக்கல் சாலையிலோ பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒரு வாயில்! அதாவது நான் ஒரு வாயிலில் ஆபத்தைக் கண்டு நிற்பதற்குள் மூன்று நான்கு வாயில்களைக் கடந்துவிடுவேன். ஒவ்வொன்றையும் தனித்தனியே கவனிக்க மனிதக் கண்ணால் ஆகாது. மழையும் லாரியும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம். பிழை இங்கேதான் இருந்தது என்று நான் நினைக்கிறேன். என்னிடமும் இல்லை, அந்தப் பெரியவரிடமும் இல்லை.

அமெரிக்காவில் 1999இல் வெளிவந்த விரிவான ஆய்வொன்று, ஒரு மைலுக்குப் பத்து வாயில்கள் இருந்த சாலையில் அவை இருபதானால் விபத்து வீதம் ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்கிறது எனக் கண்டது. கொலராடோ மாநிலம் அதற்கும் முன்பே, 1981இல், நெடுஞ்சாலையில் வாயில் திறப்பதற்கென்றே தனி விதித்தொகுப்பு வகுத்தது. அதனினும் முந்தியது பிரிட்டன். நகரிலிருந்து புறப்படும் ஒவ்வொரு புதுச் சாலையின் இருமருங்கும் நாடாவைப்போல் வீடுகள் நீண்டு வளர்வதைக் கண்டு அஞ்சி, 1935இலேயே அதைத் தடுக்கும் சட்டம் இயற்றினார்கள். லண்டன் போலீசில் உயர் அதிகாரியாயிருந்த ஆல்கர் டிரிப் 1942இல் ஒரு நூல் எழுதினார். பெருஞ்சாலைகளில் வீட்டு வாயிலே கூடாது, வீடுகள் உள்ள பகுதிக்குள் விரைவு வண்டியே கூடாது என்பது அவர் கருத்து. ஆண்டுதோறும் சாலையில் மாண்டவர் கணக்கைக் கையில் வைத்திருந்தவர் எழுதியதால் அந்நூலுக்கு ஒரு கனம் உண்டு.

நம் நாட்டில்? 2002ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் நிலம், போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. நெடுஞ்சாலை நிருவாகத்தின் அனுமதியின்றி வண்டியோடு நெடுஞ்சாலைக்குள் நுழையும் உரிமை எவருக்கும் இல்லை. நடந்து செல்வோராயினும் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்ட கூட்டமாக நுழைய அனுமதி வேண்டும் என்கிறது அதன் 28ஆம் பிரிவு. என் வகுப்பில் இதைப் படித்தபோது அனைவரும் சிரித்தோம். நம் ஊர்களில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் எத்தனை பேர்! பெட்ரோல் நிலையம், உணவகம், தனியார் நிலம் ஆகியவற்றுக்கு அனுமதி தருவது பற்றி மத்திய அமைச்சகம் 2020இல் திருத்திய வழிகாட்டுதல்களும் உள்ளன. வண்டி வேகம் குறைந்து விலகுவதற்குத் தனித் தடம், மீண்டும் வேகம் எடுத்துச் சேர்வதற்குத் தனித் தடம், சந்திப்பிலிருந்து போதிய விலக்கம் என்று எல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடேயான தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் அவர்களுள் 36 விழுக்காட்டினர் மாண்டனர்.

சுள்ளிக்கல்லிலிருந்து களமசேரிக்கு நான் நாள்தோறும் செல்லும் வழியே இப்பொருளுக்கு ஒரு நல்ல பாடசாலை என்பேன். தோப்பும்படியில் பிரிஸ்டோ காலத்துப் பழைய துறைமுகப் பாலத்துக்கு அருகே 2001இல் திறந்த பாலம் இருக்கிறது. சுங்கம் வசூலித்த காலம் போய்விட்டது. ஆயினும் மக்கள் அதை இன்றும் பி.ஓ.டி. பாலம் என்றே அழைக்கின்றனர். அதைத் தாண்டினால் வில்லிங்டன் தீவு. அங்கிருந்து குண்டன்னூர் வரை செல்வது 966பி எண் தேசிய நெடுஞ்சாலை. நீளம் ஆறு கிலோமீட்டருக்கும் குறைவு. நாட்டின் மிகக் குறுகிய தேசிய நெடுஞ்சாலைகளுள் ஒன்று. அதில் ஒரு பெரும்பகுதி காயலின் மேல் பாலமாக நிற்கிறது. அப்பாலத்தின் மேல் ஏறியதும் எனக்கு ஓர் அமைதி பிறக்கும். ஏன் என்று நெடுநாள் விளங்கவில்லை. காற்றும் நீரும் மட்டுமல்ல காரணம். அங்கே எவரும் வாயில் திறக்க முடியாது! தண்ணீருக்குள் வீடு கட்டிக் கேட் வைப்பார் இல்லை. முன்னால் போகும் வண்டியை மட்டும் பார்த்தாற் போதும்.

குண்டன்னூரில் இறங்கி இடப்பள்ளி நோக்கித் திரும்பியதும் கதை மாறிவிடுகிறது. இடப்பள்ளியிலிருந்து அரூர் வரை செல்லும் இப்புறவழிச்சாலை, இன்றைய 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் பகுதி. எர்ணாகுளம் நகருக்குள் நுழையாமல் லாரிகளும் பேருந்துகளும் விலகிப் போகட்டும் என்று அமைத்தது. நகரம் என்ன செய்தது? விலகிப்போன சாலையைத் தேடிக்கொண்டு அதுவே பின்னால் வந்துவிட்டது. நிலத்தின் விலை ஏறியது. கார் விற்கும் கடை, மருத்துவமனை, அறைகலன் கடை, அடுக்குமாடி வீடு என்று எல்லாம் அச்சாலையை நோக்கியே முகம் வைத்தன. 2013இல் இடப்பள்ளிச் சந்திப்பில் லுலு வணிக வளாகம் திறந்தது. புறவழி என்ற பெயர் மட்டும் எஞ்ச, அது நகரின் நடுவழி ஆயிற்று.

பிறகு மேம்பாலங்கள் வந்தன. இடப்பள்ளியில் 2016. பாலாரிவட்டத்தில் அதே ஆண்டு திறந்த மேம்பாலம் 2019இல் மூடப்பட்டு, பழுது நீக்கிப் புதுப்பிக்கப்பட்டு 2021 மார்ச்சில் மறுபடி திறந்தது. அந்தக் கதை நாடறிந்தது, இங்கே வேண்டாம். வைற்றிலவிலும் குண்டன்னூரிலும் 2021 ஜனவரி 9இல் ஒரே நாளில் இரண்டு. நேரே செல்லும் வண்டிகளை மேலே தூக்கிவிட்டதால் வெட்டும் புள்ளிகளில் ஒரு பகுதி குறைந்தது உண்மை. ஆனால் பாலத்தின் கீழே? வைற்றிலவில் சகோதரன் அய்யப்பன் சாலையும் திருப்பூணித்துறைச் சாலையும் தம்மனம் சாலையும் இன்னும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே நிற்கின்றன. பேருந்து நிலையத்துக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் போகிறவர்கள் வேறு. பாலங்களுக்கு இடைப்பட்ட நீளத்தில் கடை வாயில்கள் வழக்கம்போல் திறந்தே இருக்கின்றன. மேம்பாலம் சந்திப்பின் நோய்க்கு மருந்து. சாலை நெடுக உள்ள நோய்க்கு அது மருந்தாகாது. கோடிக்கணக்கில் செலவிட்டுச் சந்திப்பை உயர்த்துவதற்கு முன், சில இலட்சத்தில் வாயில்களை ஒழுங்குபடுத்தியிருக்கலாமே என்று என் சிற்றறிவுக்குத் தோன்றுகிறது.

எப்படி ஒழுங்குபடுத்துவது? அடுத்தடுத்த நான்கு கடைகளுக்கு நான்கு வாயில்கள் வேண்டியதில்லை. உள்ளே ஒருவர் நிலத்திலிருந்து மற்றவர் நிலத்துக்கு வழி விட்டால் ஒரே வாயில் போதும். பக்கத்துச் சிறு தெருவில் வாயில் வைக்கக்கூடிய நிலத்துக்குப் பெருஞ்சாலையில் வாயில் எதற்கு? சந்திப்பின் முனையிலேயே பெட்ரோல் நிலையம் வைத்து இருபுறமும் திறந்துவிட்டால், சிக்னலுக்காக வரிசையில் நிற்கும் வண்டிகளின் இடுக்கிலேயே இன்னொரு வரிசை புகும். எல்லாவற்றினும் மேலானது சர்வீஸ் ரோடு. வீட்டு வாயில்கள் எல்லாம் அதில் திறக்கட்டும். அது தொலைவு தொலைவாகச் சில இடங்களில் மட்டும் பெருஞ்சாலையில் சேரட்டும். ஒன்றை மறவாதீர்கள்: சர்வீஸ் ரோட்டை லாரி நிறுத்தவும் எதிர்த்திசையில் வண்டி ஓட்டவும் விட்டுவிட்டால் அது பழைய தொல்லையை இடம் மாற்றியதேயன்றி வேறில்லை.

கேரளத்தில் இது எளிதன்று. நம் தமிழ்நாட்டில் ஊர் முடிந்தால் வயல். வயல் முடிந்தால் அடுத்த ஊர். இங்கே ஊர் முடிவதே இல்லை. காசர்கோட்டிலிருந்து தெற்கே வரும் பயணிக்கு இது எந்த ஊர், அது எந்த ஊர் என்று பெயர்ப்பலகைதான் சொல்லவேண்டும். நிலம் கிடைப்பதும் அரிது. பிற மாநிலங்களில் 60 மீட்டர் அகலத்தை நெடுஞ்சாலைக்கு எடுத்துக்கொள்கையில், கேரளத்தில் 66ஆம் எண் சாலையை 45 மீட்டருக்குள் அடக்கினார்கள். நிலத்தின் செலவில் கால்பங்கை மாநிலமே ஏற்றது. அந்த 45 மீட்டருக்குள் ஆறு தடங்களும் சர்வீஸ் ரோடும் அடங்கவேண்டும். அரூரிலிருந்து துறவூர் வரை 12.75 கிலோமீட்டருக்குச் சாலையையே தூண்களின் மேல் தூக்கிக் கட்ட முடிவு செய்தனர். தரையில் வாயில்களை மூட இயலாதபோது சாலையை வானில் கட்டவேண்டியிருக்கிறது!

இவ்வளவும் எழுதி முடித்து, எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன். கையில் தையல் போட்ட நாட்களில் கஞ்சி கொடுத்தவர் அவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "தம்பி, எல்லாம் சரிதான். நடுவிலே சுவர் எழுப்பிட்டா அந்தப் பக்கம் போறவன் என் கடைக்கு எப்படி வருவான்? சுத்தி வந்து ஒரு டீ குடிப்பானா?" என்றார்.

டெக்சாஸ் மாநிலத்தில் இதை ஆராய்ந்தவர்கள், வணிகர்கள் அஞ்சிய அளவுக்கு நட்டம் பெரும்பாலும் நேரவில்லை என்று கண்டதை அவரிடம் எடுத்துரைத்தேன். அவர் விடவில்லை. "அங்கே என்ன கடை?" என்றார். நல்ல கேள்வி. நகைக்கடைக்கும் மருத்துவமனைக்கும் போகிறவர் அதையே தேடிப் போகிறவர். அரைக் கிலோமீட்டர் சுற்றினாலும் போவார். போகிற வழியில் கண்ணில் பட்டதால் நிற்கும் கடைக்கு அந்தச் சுற்று பேரிடிதான். அமெரிக்க ஆய்வாளரும் இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கின்றனர். ஆக, அண்ணாச்சியின் அச்சம் அறியாமையால் வந்ததன்று. அவருடைய இரண்டு பெண்களின் படிப்பு அந்த டீக்கடையில் இருக்கிறது.

அவரோடு வாதாடியதில்தான் எனக்கே ஒன்று தெளிவாயிற்று. சுள்ளிக்கல் சாலைக்கு நான் நெடுஞ்சாலையின் அளவுகோலைப் போட்டுப் பார்த்தது தவறு. தோப்பும்படியிலிருந்து கருவேலிப்படி, சுள்ளிக்கல், கப்பலண்டிமுக்கு என்று மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் போகும் இவ்வழி பெருவழியன்று, தெரு. கப்பலண்டி என்றால் இங்கே வேர்க்கடலை. கடலை விற்ற முக்கு என்றே ஒரு நிறுத்தத்துக்குப் பெயர் இருக்கும் வழியில் வாயில்களை மூடு என்று சொல்ல நான் யார்? இங்கே குறையவேண்டியது வேகம். வேகம் 30க்குக் குறைந்தால் நிற்கும் தொலைவும் 30 மீட்டர் ஆகிவிடும். வாயிலை ஒட்டி லாரி நிறுத்துவதைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. பஸ் நிறுத்தத்தை முக்கிலிருந்து சற்று விலக்கலாம். ரவுண்டானாவுக்கு இடமிருக்கும் சந்திகளில் அதை அமைத்தால் 32 மோதற்புள்ளிகள் 8 ஆகும். நேருக்கு நேர் வெட்டுவதும் இராது. நடுச்சுவர் இங்கே வேண்டாம். புறவழிச்சாலைக்குத்தான் அது வேண்டும். அங்கே அண்ணாச்சியைப் போன்ற ஒருவர் ஏற்கெனவே கடை வைத்திருந்தால் சர்வீஸ் ரோட்டில் அவருக்கு இடம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு சுவரை எழுப்பட்டும்.

ஒரு சாலையே பெருவழியாகவும் தெருவாகவும் இருக்க முயலும்போதுதான் ஆள் சாகிறான். நம் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையையும் திருச்சி நெடுஞ்சாலையில் ஊர்களை ஒட்டிய பகுதிகளையும் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பாருங்கள். ஒரு மணி நேரம் பஸ் சன்னலோரம் அமர்ந்து, எத்தனை வாயில்கள் நேரே பெருஞ்சாலையில் திறக்கின்றன, எத்தனை சர்வீஸ் ரோட்டில் திறக்கின்றன என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். மும்பை - புனே விரைவுச்சாலையில் போயிருப்பவர்கள் அதோடு ஒப்பிடலாம். 2002இல் முழுமையாகத் திறந்த அச்சாலையில் எண்ணுவதற்கு வாயிலே இராது. உங்கள் குறிப்புகளைச் சங்க அறையில் என்னிடம் கொடுத்தால் அடுத்த இதழுக்கு ஒரு வரைபடமாகத் தொகுத்துத் தருவேன்.

அந்தக் கார்க்காரப் பெரியவரைச் சென்ற வாரம் மீண்டும் கண்டேன். இப்பொழுது அவர் மாலையில் வீடு திரும்பும்போதே காரைப் பின்புறமாக உள்ளே ஏற்றிவிடுகிறார். காலையில் முன்முகமாக வெளியே வருகிறார். மதில் தூணில் ஒரு குவிகண்ணாடியும் மாட்டியிருக்கிறார். என்னை நிறுத்தி, "நோக்கூ" என்று அதைக் காட்டினார். நோக்கினேன். கண்ணாடி முழுவதும் லாரியின் பின்பக்கமே தெரிந்தது.